எங்கள் நட்சத்திரங்கள் எவ்வளவு தூரத்தில்?

(எமது சங்கத்தின் தமிழ் வகுப்பு மாணவர்களுக்கு ஆற்றிய உரை. மலருக்காகச் சிறிது திருத்தி எழுதப்பட்டது.)



தமிழ் வகுப்பில் விஞ்ஞானம் பேச வேண்டும் என்று சங்கத்தினர் என்னைக் கேட்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள் என்றேன். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கடதாசித் துண்டுகளில் கேள்விகள் எழுதித் தந்தார்கள். அதில் ஒன்றை வாசித்துவிட்டுக் கனநேரம் வைத்திருந்தேன். எழுதியவர் ஒரு தங்கச்சி. பெயர் சொல்லமாட்டேன். அவவின் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஆள் தங்கள் ராசியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இவ "என்ர நட்சத்திரம் சுவாதி" என்று சொல்லியிருக்கிறா. அப்படி ஒரு நட்சத்திரமே கிடையாது என்று மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வீட்டில் வந்து கேட்டால், "அது அருச்சனைக்குச் சொல்லுறது, பிள்ளை" என்பதோடு கதை முடிந்துபோயிற்று. அவவின் கேள்வி இதுதான்: சுவாதி உண்மையாக வானத்தில் இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

இருக்கிறது தங்கச்சி. இரவு வானத்தில் தெரியும் நட்சத்திரங்களைப் பிரகாசத்தின்படி வரிசைப்படுத்தினால் சுவாதிக்கு நாலாம் இடம். உங்கள் ஜெர்மன் புத்தகத்தில் ஆர்க்டூர் என்ற பெயரில் போட்டிருப்பார்கள். அதைக் கையால் சுட்டிக்காட்டவும் முடியும். எப்படி என்று பிறகு சொல்கிறேன். ஆனால் 'எவ்வளவு தூரம்' என்றதற்கு நான் இப்போதே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போனால் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. எத்தனை சைபர் என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே முதலில் கொஞ்சத் தூரம் நடப்போம்.

சூரிச்சில் இருப்பவர்களுக்கு ஊட்லிபேர்க் மலை தெரியும். பிரதான ரயில் நிலையத்தில் எஸ் 10 ஏறினால் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்து பெல்சனெக் என்ற இடம் வரை மலையின் முதுகு வழியே ஒரு நடைபாதை போகிறது. 1979ஆம் ஆண்டில் அந்தப் பாதையைச் சூரியக் குடும்பத்தின் மாதிரியாக ஆக்கினார்கள். அங்கே எல்லாம் நூறு கோடியில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டிருக்கிறது. ஒரு மீற்றர் நடந்தால் பத்து இலட்சம் கிலோமீற்றர் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். பள்ளிச் சுற்றுலாவில் சிலர் போயிருப்பீர்கள். அநேகமாக ஓடிப்போய்க் கடைசியில் ஐஸ்கிறீம் வாங்கியிருப்பீர்கள்.

தொடக்கத்தில் சூரியன் இருக்கிறது. அதன் விட்டம் ஒரு மீற்றர் நாற்பது சென்ரிமீற்றர். அங்கிருந்து 58 மீற்றரில் புதன், 108 மீற்றரில் வெள்ளி, 150 மீற்றரில் பூமி. இந்த அளவில் பூமி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேட்டபோது ஒருவர் உதைபந்து என்றார், இன்னொருவர் தோடம்பழம் என்றார். ஊறப்போட்ட கடலை ஒன்றின் அளவுதான் பிள்ளைகள், 13 மில்லிமீற்றர். சந்திரன் ஒரு சின்ன மிளகு. கடலைக்கும் மிளகுக்கும் இடையே 38 சென்ரிமீற்றர், உங்கள் அடிமட்டத்தைவிடக் கொஞ்சம் கூட. 1969 முதல் 1972 வரை பன்னிரண்டு பேர் அந்த மிளகில் இறங்கி நடந்தார்கள். சுவிசும் யாழ்ப்பாணமும் அந்தக் கடலையின் மேல்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே சுமார் 8000 கிலோமீற்றர். மாதிரியில் அது 8 மில்லிமீற்றர்.

பிறகு நடை நீளுகிறது. செவ்வாய் 228 மீற்றரில் வந்துவிடும். வியாழனுக்கு 778 மீற்றர் போகவேண்டும். அது ஒரு உரித்த தேங்காய். சனி அதைவிடக் கொஞ்சம் சின்னத் தேங்காய், ஒன்றரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைய. யுரேனஸ், நெப்ரியூன் இரண்டும் இரண்டு தேசிக்காய்கள், முதலாவது 2.9 கிலோமீற்றரில், மற்றது 4.5 கிலோமீற்றரில். பெல்சனெக் பக்கம் புளூட்டோ. 2006இல் அதைக் குள்ளக் கோள் என்று வேறாக்கிவிட்டார்கள், ஆனாலும் பாதையில் அதற்கும் இடம் உண்டு. அதன் விட்டம் இரண்டரை மில்லிமீற்றர்கூட இல்லை. ஏறக்குறைய இரண்டு மணித்தியால நடை. சூரியனைத் தவிர மற்ற எல்லாக் கோள்களையும் பொறுக்கி ஒரு மிக்ரோஸ் கடைப் பைக்குள் போட்டுக்கொண்டு ரயிலில் திரும்பி வரலாம். மிச்சமெல்லாம் வெறும் வெளி.

இந்தப் பாதையில் ஒளி எவ்வளவு வேகமாகப் போகும் என்று கணக்குப் பார்ப்போம். உண்மையில் ஒளி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீற்றர் போகிறது. அதைவிட வேகமாக ஒன்றும் போக முடியாது. மாதிரியில் அது செக்கனுக்கு 30 சென்ரிமீற்றர். ஒரு குழந்தை தவழும் வேகம். நீங்கள் சாதாரணமாக நடந்தாலே அதைப்போல மூன்று, நாலு மடங்கு வேகம். சூரியனிலிருந்து பூமிக்கு இரண்டரை நிமிடத்தில் நடந்துவிடுவீர்கள். ஒளிக்கு 8 நிமிடம் 20 செக்கன் எடுக்கும். புளூட்டோவுக்கு ஐந்தரை மணித்தியாலம். ஆகவே இப்போது யன்னலால் தெரிகிற சூரியன் எட்டு நிமிடத்துக்கு முந்திய சூரியன். இதை மறக்காமல் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

சூரியக் குடும்பம் முடிந்தது. அடுத்த நட்சத்திரத்தை இந்த மாதிரியில் எங்கே வைக்கவேண்டும்? வகுப்பில் இதைக் கேட்டபோது "பேர்ண்" என்றார் ஒரு தம்பி. "இத்தாலி" என்றார் இன்னொருவர். பின்வரிசையில் இருந்த ஒருவர், பெரிய தூரமாகச் சொல்லவேண்டும் என்று நினைத்து, "யாழ்ப்பாணம்!" என்றார். பெற்றோர்கள் சிரித்தார்கள். எங்கள் எல்லோருக்கும் ஆகப் பெரிய தூரம் அதுதானே. ஆனால் யாழ்ப்பாணமும் போதாது. நேராக 8000 கிலோமீற்றர் போனாலும் ஐந்தில் ஒரு பங்குதான் போயிருப்பீர்கள். அடுத்த நட்சத்திரமான புரொக்சிமா செந்தோரி 4.24 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. மாதிரியில் அது 40,000 கிலோமீற்றர். இந்தப் பூமியை ஒரு முறை முழுதாகச் சுற்றும் தூரம். ஊட்லிபேர்க்கில் தொடங்கி யாழ்ப்பாணம் தாண்டி, இந்து சமுத்திரம், பசிபிக், அமெரிக்கா, அத்திலாந்திக் எல்லாம் கடந்து திரும்ப ஊட்லிபேர்க்குக்கே வந்துவிடுவீர்கள். அடுத்த நட்சத்திரத்தை வைப்பதற்கு இந்த மாதிரியில், இந்தப் பூமியில், இடமே இல்லை.

ஒளியாண்டு என்றால் காலம் அல்ல, தூரம். ஒளி ஒரு வருடத்தில் ஓடும் தூரம், ஏறக்குறைய 9.46 இலட்சம் கோடி கிலோமீற்றர். ஊரில் "சந்தைக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் "கால் மணித்தியால நடை" என்று சொல்வார்களே, அதே முறைதான்.

வொயேஜர் 1 என்ற விண்கலம் 1977இல் புறப்பட்டது. ஒரு செக்கனுக்கு 17 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. மனிதர் செய்த பொருட்களில் ஆகத் தூரம் போனது அதுதான். நமது மாதிரியில் அது இப்போது எங்கே இருக்கும்? ஊட்லிபேர்க்கிலிருந்து வின்ரர்தூர் அளவு தூரத்தில். ஏறக்குறைய ஐம்பது வருடத்தில் வின்ரர்தூர்! அதன் வானொலிச் சமிக்ஞை இங்கே வந்துசேரக் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் எடுக்கிறது. இதே வேகத்தில் அந்த 40,000 கிலோமீற்றரையும் கடக்க எழுபதாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். விண்கப்பலில் ஏறி நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பாயும் படங்களை நீங்கள் பாருங்கள், நானும் பார்க்கிறேன், ஆனால் இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இனி அந்தத் தபால் விஷயத்துக்கு வருகிறேன். தபால் என்று ஏன் சொல்கிறேன் என்பது இங்கிருக்கும் பெற்றோருக்கு விளங்கும். தொண்ணூறுகளில் ஊரிலிருந்து கடிதம் வர வாரங்கள் ஆகும். பாதை பூட்டிவிட்டால் மாதங்கள். "நாங்கள் எல்லோரும் நல்ல சுகம்" என்று முதல் வரியில் இருக்கும். அதை வாசித்த உடனே திகதியைத்தான் பார்ப்போம். அந்தத் திகதியில் சுகம். அதற்குப் பிறகு வானொலியில் என்னென்னவோ கேட்டிருப்போம், அதொன்றும் கடிதத்துக்குத் தெரியாது. கைத்தொலைபேசியில் அம்மம்மாவின் முகத்தைப் பார்த்துக் கதைக்கும் பிள்ளைகளுக்கு இந்த அனுபவம் இல்லை. ஆனால் நட்சத்திரங்கள் இன்னும் கடிதம்தான் போடுகின்றன. ஒவ்வொன்றின் கடிதத்திலும் வேறு வேறு திகதி.

சுவாதி 37 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அந்தத் தங்கச்சியின் கேள்விக்கு இதுதான் பதில். அதாவது இப்போது எங்கள் கண்ணில் படும் சுவாதியின் ஒளி 1980களின் கடைசியில் அங்கிருந்து புறப்பட்டது. இந்த மண்டபத்தில் இருக்கும் பல அப்பாமார், அம்மாமார் ஊரைவிட்டுப் புறப்பட்டதும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான். ஒளிக்கு வழியில் விசாவும் இல்லை, முகாமும் இல்லை. நேராக வந்திருக்கிறது.

உங்களில் பலருக்குச் சொந்த நட்சத்திரம் இருக்குமே. அருச்சனைத் துண்டில் எழுதுகிறோம், ஐயர் மந்திரத்தோடு சேர்த்துச் சொல்கிறார், அதோடு விட்டுவிடுகிறோம். அந்த 27 பெயர்களில் பல, கண்ணுக்குத் தெரியும் உண்மையான நட்சத்திரங்கள். சோதிடத்தைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அது வேறு விஷயம். நட்சத்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். திருவோணம் 17 ஒளியாண்டு. உத்தரம் 36. ரோகிணி ஏறக்குறைய 65. மகம் 79. சித்திரை 250, சித்திரையிலிருந்து இப்போது வரும் ஒளி புறப்பட்டபோது யாழ்ப்பாணக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்தார்கள். கார்த்திகை ஏறக்குறைய 440. கேட்டை 550 அளவில். திருவாதிரையின் தூரத்தை இன்னும் திட்டமாக அளக்க முடியவில்லை, 500க்கும் 700க்கும் இடையில் என்கிறார்கள். அப்படியென்றால் அந்த ஒளி புறப்பட்டது நல்லூரில் அரசர்கள் இருந்த காலத்தில்.

புனர்பூசத்தில் ஒரு விசேஷம் உண்டு. அது இரண்டு நட்சத்திரங்கள், பக்கத்தில் பக்கத்தில் சோடியாகத் தெரியும். ஆனால் ஒன்று 34 ஒளியாண்டில் இருக்கிறது, மற்றது 51இல். இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர் அல்ல, ஒரே திசையில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று இருப்பவை. வானம் ஒரு கறுப்புச் சீலையில் பொட்டு வைத்ததுபோலத் தட்டையாகத் தெரிவதற்குக் காரணம் எங்கள் கண்ணுக்கு அந்தத் தூரத்தில் ஆழம் தெரியாததுதான். மேடமும் இடபமும் மிதுனமும் நாங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பதால் வந்த கோலங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் முன்னோர் நட்சத்திரங்களின் நிலையையும் சந்திரன், சூரியன் நகர்வதையும் வடிவாகக் கவனித்து வைத்திருந்தார்கள். இன்று நாம் கொண்டாடும் புத்தாண்டே சூரியன் மேட ராசிக்குள் போகும் நாள் என்று கணித்ததுதான். பௌர்ணமிச் சந்திரன் சித்திரை நட்சத்திரத்தின் அருகே வரும் மாதத்துக்குத்தான் சித்திரை என்று பெயர் வந்தது. இது பெருமைப்படக்கூடிய வேலை. ஆனால் நட்சத்திரங்களின் தூரம் அவர்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் உலகத்தில் யாருக்குமே தெரியாது. எல்லாம் எங்கள் ஏட்டில் முதலே இருந்தது என்று சிலர் மேடையில் பேசுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அப்படிச் சொல்லத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். இருப்பதே போதுமான அளவு இருக்கிறது.

சரி, யாருமே போகாத இடத்தின் தூரம் எப்படித் தெரியும்? "ஆர் நாடா பிடிச்சு அளந்தது, சேர்?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. எல்லோரும் ஒரு கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்துங்கள். பெற்றோரும்தான். இடக் கண்ணை மூடிப் பாருங்கள். இனி வலக் கண்ணை மூடிப் பாருங்கள். விரல் பின்னால் இருக்கும் சுவரில் அங்கும் இங்கும் பாய்கிறதா? இப்போது விரலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து செய்யுங்கள். இன்னும் கூடப் பாயும். கிட்ட இருப்பது கூடப் பாயும், தூர இருப்பது குறையப் பாயும். இரண்டு கண்ணுக்கும் இடைத்தூரம் தெரிந்தால், பாயும் கோணத்தை அளந்து விரலின் தூரத்தைக் கணிக்கலாம்.

நட்சத்திரத்துக்கு எங்கள் இரண்டு கண்ணும் போதாது. ஆனால் பூமி சூரியனைச் சுற்றுகிறதே! தை மாதம் ஒரு தடவை பார், ஆடி மாதம் மறு தடவை பார். இரண்டு கண்ணுக்கும் இடையே 30 கோடி கிலோமீற்றர். இப்படி அளந்து ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை 1838இல் முதன்முதலாக வெளியிட்டவர் பிரெட்ரிக் பெசல் என்ற ஜெர்மானியர். அந்த நட்சத்திரம் ஏறக்குறைய 11 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அவர் கண்டுபிடித்த கோணம் எவ்வளவு சிறியது தெரியுமா? ஒரு பிராங்க் குற்றியைப் பதினைந்து கிலோமீற்றருக்கு அப்பால் வைத்தால் அது எவ்வளவு அகலமாகத் தெரியுமோ, அவ்வளவு. அதுவும் கணினியும் கமராவும் இல்லாத நாளில், தொலைநோக்கியில் கண்ணை வைத்து அளந்தது. பிற்காலத்தில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கையா விண்கலம் இதே வேலையை 2014 முதல் 2025 ஜனவரி வரை செய்தது. ஏறக்குறைய 200 கோடி நட்சத்திரங்களை அளந்திருக்கிறது. முறை அதே பெருவிரல் முறைதான்.

மிகத் தூரத்தில் இருப்பவை இப்படிப் பாய்வதே தெரியாது. அதற்கு வேறு உபாயம் வேண்டும். குப்பி விளக்கும் பெற்றோல்மாக்சும் பெற்றோருக்குத் தெரியும். இருட்டில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. அது கிட்ட இருக்கும் குப்பி விளக்கா, தூர இருக்கும் பெற்றோல்மாக்சா? எது என்று தெரிந்துவிட்டால் தூரத்தைக் கணிக்கலாம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. எது எந்த விளக்கு என்று கண்டுபிடிக்க வழி காட்டியவர் ஹென்றியெற்றா லீவிற் என்ற அமெரிக்கப் பெண்மணி. ஹார்வார்ட் வானியல் நிலையத்தில் கண்ணாடித் தகடுகளில் எடுத்த படங்களைப் பார்த்து நட்சத்திரங்களை எண்ணி அளப்பதே அவரின் வேலை. காது சரியாகக் கேட்காது. சில நட்சத்திரங்கள் கூடியும் குறைந்தும் ஒழுங்காக மினுங்குகின்றன. ஆறுதலாக மினுங்குவது உண்மையில் பெரிய விளக்கு, கெதியாக மினுங்குவது சின்ன விளக்கு என்பதை 1912இல் அவர் உறுதிப்படுத்தினார். மினுக்கத்துக்கு எத்தனை நாள் என்று எண்ணினால் போதும், விளக்கு எது என்று தெரிந்துவிடும். 1921இல் அவர் காலமானார். இரண்டு வருடம் கழித்து எட்வின் ஹபிள் என்பவர் அந்திரோமீடா என்ற மங்கலான புகைத் திட்டுக்குள் அப்படி மினுங்கும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டார். லீவிற் அம்மையாரின் கணக்கைப் போட்டுப் பார்த்தால், அது எங்கள் நட்சத்திரக் கூட்டத்துக்கு எவ்வளவோ வெளியே இருந்தது. இன்றைய கணிப்பில் 25 இலட்சம் ஒளியாண்டு. பிரபஞ்சத்தில் எங்கள் கூட்டம் ஒன்றுதான் இருக்கிறது என்று நம்பியவர்களுக்கு அன்றோடு அந்த நம்பிக்கை போயிற்று.

எங்கள் கூட்டம் என்று எதைச் சொன்னேன்? பால்வழியை. 1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள் இன்று உங்கள் அம்மா அப்பாவாக இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அந்த நாட்களில் ஊரே இருட்டு. முற்றத்தில் பாயைப் போட்டுப் படுத்தால், விமானச் சத்தம் இல்லாத இரவுகளில், வானத்தின் குறுக்கே பால் கொட்டியதுபோல ஒரு பட்டை வடிவாகத் தெரியும். இங்கே சூரிச் வெளிச்சத்தில் அது தெரியாது. கிராமப்புறத்துக்கு, மலைக்குப் போகவேண்டும். அந்தப் பட்டை என்ன என்றால், பனங்கூடலுக்கு நடுவில் நின்றுகொண்டு சுற்றிப் பார்க்கிறோம் என்று நினையுங்கள். கூடலின் உருவம் எங்களுக்குத் தெரியாது; சுற்றிவரப் பனைதான் தெரியும். மேலே பார்த்தால் வெளி. பால்வழி ஒரு தட்டையான தோசைபோல நட்சத்திரங்கள் கூடியிருக்கும் கூட்டம். நாங்கள் அதற்குள்ளே இருந்து தோசையின் விளிம்புப் பக்கமாகப் பார்க்கும்போது நட்சத்திரங்கள் குவிந்து பட்டையாகத் தெரிகின்றன. அதன் குறுக்களவு ஏறக்குறைய ஒரு இலட்சம் ஒளியாண்டு. உள்ளே பத்தாயிரம் கோடிக்குக் குறையாத சூரியன்கள். நாங்கள் மையத்திலும் இல்லை, கரையிலும் இல்லை. மையத்திலிருந்து 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறோம். பூமி சூரியனைச் சுற்றுவதுபோலச் சூரியனும் இந்த மையத்தைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 20 கோடி வருடத்துக்கு மேல்.

ஊட்லிபேர்க் மாதிரி இனி உதவாது. புது மாதிரி ஒன்று போடுவோம். ஒரு ஒளியாண்டை ஒரு சென்ரிமீற்றர் ஆக்குங்கள். இரண்டு மணித்தியாலம் நடந்த அந்தச் சூரியக் குடும்பம் முழுவதும் ஒரு தலைமயிரின் தடிப்பைவிடச் சிறிதாகிவிடும், கண்ணுக்கே தெரியாது. புரொக்சிமா நாலு சென்ரிமீற்றரில். சுவாதி 37 சென்ரிமீற்றரில். சித்திரை இரண்டரை மீற்றரில், இந்த மேசைக்கு அந்தப் பக்கம். கண்ணால் தனித்தனியாகத் தெரியும் நட்சத்திரங்களில் அநேகமானவை இந்த மண்டபத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் பால்வழியின் குறுக்களவு ஒரு கிலோமீற்றர். எங்கள் வானத்தில் உள்ள அவ்வளவு அலங்காரமும் எங்கள் தெருமூலைதான். அந்திரோமீடா 25 கிலோமீற்றர் தூரத்தில். மறுபடியும் வின்ரர்தூர் பக்கம்.

இங்கே ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பு. நட்சத்திரங்கள் தங்கள் பருமனோடு ஒப்பிட்டால் பயங்கரத் தூரத்தில் இருக்கின்றன: ஒன்றரை மீற்றர் உருண்டைகள், இடையில் 40,000 கிலோமீற்றர். ஆனால் நட்சத்திரக் கூட்டங்கள் அப்படி இல்லை: ஒரு கிலோமீற்றர்த் தட்டுக்கள், இடையில் 25 கிலோமீற்றர். அதனால்தான் கூட்டங்கள் ஒன்றோடொன்று மோதுவது சாதாரணமாக நடக்கிறது. அப்படி மோதும்போதும் உள்ளே இருக்கும் நட்சத்திரங்கள் மோதிக்கொள்வது மிக மிக அரிது. அந்திரோமீடாவும் பால்வழியும் மோதுவது நிச்சயம் என்றுதான் முன்பு சொன்னார்கள். 2025இல் வெளியான ஒரு கணிப்பு, அடுத்த ஆயிரம் கோடி வருடத்துக்குள் அது நடக்கப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு என்கிறது. பயப்பட வேண்டாம், சோதனைக்கு முதல் நடக்காது.

அதற்கு அப்பால் கெதியாகப் போவோம். உத்தர நட்சத்திரத்துக்குக் கிழக்கே, கன்னி ராசிப் பக்கம், ஏறக்குறைய 550 இலட்சம் ஒளியாண்டு தூரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திரக் கூட்டங்கள் ஒரு பெரிய கொத்தாக இருக்கின்றன. கருந்துளை ஒன்றின் படம் என்று 2019இல் பத்திரிகைகளில் வந்ததே, ஒரு செம்மஞ்சள் வளையம், அது இந்தக் கொத்தில் உள்ள ஒரு கூட்டத்தின் நடுவில் எடுத்ததுதான். கொத்துக்கள் சேர்ந்து இன்னும் பெரிய இழைகளாக, இடையிடையே பிரமாண்டமான வெற்றிடங்களோடு, ஒரு பஞ்சுபோலப் பரவியிருக்கின்றன. 2021 நத்தார் தினத்தில் ஏவிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பிரபஞ்சம் தோன்றி 30 கோடி வருடம்கூட ஆகாத காலத்து ஒளியை 2024இல் பிடித்தது. பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி வருடம். அந்த மிகப் பழைய கடிதம் வந்துசேர்வதற்குள் இடையில் இருந்த வெளியும் விரிந்துகொண்டே இருந்தது. ஆகவே நாங்கள் காணக்கூடிய பிரபஞ்சத்தின் விளிம்பு இன்று 4600 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. சென்ரிமீற்றர் மாதிரியில் அது சந்திரனையும் தாண்டிவிடும். அது பிரபஞ்சத்தின் மதில் அல்ல. ஒளி வந்துசேர அவகாசம் கிடைத்த எல்லை மட்டும்தான்.

இவ்வளவு பெரிய இடத்தில் மனிதன் வெறும் தூசி என்று சிலர் எழுதுவார்கள். பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. பதினைந்து கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் குற்றியின் அகலத்தைப் பார்த்து எந்தத் தூசியும் கணக்குப் போட்டதாக நான் அறியவில்லை.

இப்போது சுட்டிக்காட்டும் வேலை. சித்திரை மாதத்தில் இரவு பத்து மணிக்குப் பிறகு வெளியே வாருங்கள். தலைக்கு மேலே உயரத்தில் ஏழு நட்சத்திரங்கள் அகப்பைபோல இருக்கும். அதுதான் சப்தரிஷி மண்டலம். அகப்பைக் காம்பின் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் கிழக்கே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பிரகாசமான நட்சத்திரம் வரும். அது சுவாதி. அதே வளைவில் இன்னும் போங்கள், தென்கிழக்கே தாழ்வாக வெண்ணீலமாக ஒன்று. அது சித்திரை. புத்தாண்டுக்குப் பெயர் கொடுத்த நட்சத்திரம் புத்தாண்டு இரவிலேயே தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் ஆர்க்டூர், ஸ்பீக்கா என்று இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் இங்கே தெரியுமா என்று முடிவில் ஒருவர் கேட்டார். தெரியாது. புரொக்சிமாவைத் தொலைநோக்கி இல்லாமல் எங்கும் பார்க்க ஏலாது. அதோடு சேர்ந்த அல்பா செந்தோரி நல்ல பிரகாசம்; ஆனால் சுவிசில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. யாழ்ப்பாணத்தில் வைகாசி மாதத்தில் இரவு பத்து மணியளவில் தெற்கே தாழ்வாகத் தெரியும். விடுமுறைக்குப் போகிறவர்கள் அம்மப்பாவையும் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள்.

இன்னொரு கேள்வி: "நாங்கள் பார்க்கிறது எல்லாம் செத்துப்போன நட்சத்திரங்களின்ர வெளிச்சமாம், உண்மையோ?" இது எல்லோரும் சொல்லும் கதை. அநேகமாகப் பிழை. நட்சத்திரங்களின் ஆயுள் கோடிக்கணக்கான வருடம், சிறியவற்றுக்கு ஆயிரம் கோடிக்கும் மேல். கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களின் கடிதங்களோ சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம் வருடப் பழசு. அதற்குள் ஒன்றும் நடந்திருக்காது. சுவாதி அங்கேதான் இருக்கிறது. திருவாதிரை மட்டும் கிழண்டிவிட்டது; ஒரு நாள் வெடிக்கும். இன்னும் ஒரு இலட்சம் வருடம் வரை ஆகலாம் என்கிறார்கள். வெடித்தால் பகலிலேயே தெரியும்.

வானம் வெளிக்கும் ஒரு சனிக்கிழமை இரவு ஊட்லிபேர்க்குக்குப் போக ஆயத்தம் செய்கிறோம். திகதியை வகுப்பில் அறிவிப்பார்கள். சித்திரையிலும் மேலே குளிரும், தடித்த ஜக்கெற் கொண்டுவாருங்கள். ரோர்ச் லைற் கொண்டுவருகிறவர்கள் அதன் முன்னால் சிவப்புக் கடதாசி ஒட்டிக்கொண்டு வாருங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் நட்சத்திரத்தின் பெயரை வீட்டில் கேட்டு எழுதிவரவேண்டும்.